சமையலறைக்கு அடியில் ஓடிய பள்ளம்

மீன்கள் சத்தம் போடும் என்பது அந்த வருஷம்வரை எனக்குத் தெரியாது.

புது வீட்டுக்குக் குடிவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. விடிந்ததும் நானும் என் கணவரும் குளக்கரையில் நடக்கப் போவோம். அன்று காற்று இல்லை. தண்ணீரில் அசைவில்லை. ஆனால் குளம் முழுக்க ஒரு சத்தம் இருந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சூடான ரசத்தை உறிஞ்சினால் எப்படிக் கேட்குமோ அப்படி. எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. தண்ணீரின் மேல் முழுக்க வாய்கள். சிறியதும் பெரியதுமாக, வட்டமாகத் திறந்து மூடுகிற வாய்கள். தண்ணீர் அவ்வளவு கறுப்பாக இருந்ததால் வாய்களுக்குக் கீழே உடம்புகள் இருப்பதே தெரியவில்லை.

"என்ன கேக்குது அதெல்லாம்?" என்றார் அவர்.

"மூச்சு" என்றேன்.

நான் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். சாக்கடை அதிகம் கலந்த குளத்தில், மேகம் மூடிய நாட்களுக்குப் பிறகு, விடியற்காலையில் தண்ணீருக்குள் பிராணவாயு தீர்ந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மறுநாள் கருவியை எடுத்துப்போய் நீரில் விட்டேன். முள் பூச்சியத்தை ஒட்டி நின்றது. ஆனால் தெரிந்த விஷயத்தை நேரில் கேட்பது வேறு. வீட்டுக்குத் திரும்பி காப்பி குடித்தபோது நானே உறிஞ்சுகிற சத்தம் கேட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் தெரு குளத்துக்கும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் போகும் சாலைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் தென்னந்தோப்பாக இருந்த நிலம். யாரோ ஒருவர் வாங்கி, மண்ணடித்து நிரவி, மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டுப் போய்விட்டார். குடிக்க சிறுவாணித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மாடி ஜன்னலைத் திறந்தால் குளம், அதற்கு அப்பால் மலை. வீடு பார்க்க வந்த அன்று வெயில் அடித்ததால் குளம் தகடுபோல மின்னியது. அதைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டோம்.

மழை பெய்தால் நுரை வரும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் மழைக்கு அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தேன். வாசல் கேட்டுக்கு வெளியே ஆளுயரத்துக்கு வெள்ளையாக ஏதோ நின்றுகொண்டிருந்தது. வடிகால் குளத்தில் விழுகிற மூலையில் சோப்பும் கழிவும் கலந்து நுரைத்து, காற்றில் தெருவுக்குள் வந்திருக்கிறது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்திக்கு எட்டியது. அதற்கு முன்னால் நான் செய்த காரியம், "யாருங்க?" என்று கேட்டது. காற்று வீசியதும் அது மெல்ல முன்னே சாய்ந்து, கேட்டின் கம்பிகளுக்கு இடையே பிதுங்கி உள்ளே வந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். தெருவில் ஒரு ஆள் இல்லை. வெள்ளைக் கட்டிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், வீடு வீடாகப் போய் நின்றன.

எதிர்வரிசையில், தெருவின் தாழ்ந்த கோடியில் ஒரு அக்கா தனியாக இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவரும் அவர் கணவரும் மேட்டுப்பாளையத்தில் பேக்கரி வைத்திருந்தவர்கள். கணவர் இறந்த பிறகு கடையை விட்டுவிட்டு இங்கே வந்து, வீட்டின் பின்பக்கம் பெரிய சமையலறை கட்டி, அதில் கடையின் பழைய அடுப்பை நிறுத்தியிருந்தார். தேங்காய் பன்னும் வர்க்கியும் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். வெயில் ஏறும் நேரத்தில் எங்கள் தெருவில் வெண்ணெய் வாசனை வரும். அதற்கு அடியில் குளத்தின் வாசனையும் வரும். இரண்டும் சேர்ந்த ஒரு வாசனை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அதை எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டருகே வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, தண்ணி பாக்கற எடத்துலதானே வேலைங்க?"

"ஆமாங்க்கா."

"ஞாயித்துக்கிழம மத்தியானம் ஒரு எட்டு ஊட்டுக்கு வந்துட்டுப் போறீங்ளா? தரைக்குக் கீழ யாரோ இருக்காங்க."

சாதாரணமாகச் சொன்னார். மேல்வீட்டுக்கு யாரோ குடிவந்திருக்கிறார்கள் என்று சொல்வதுபோல. நான் என்ன முகம் காட்டினேனோ தெரியவில்லை. அவராகவே தொடர்ந்தார்.

"சாப்புட்டுப்போட்டுக் கண்ண மூடினா கேக்குதுங்க. பாய விரிக்கறாங்க. அப்புறம் சுருட்டறாங்க. மறுபடியும் விரிக்கறாங்க. பையன் பெங்களூர்ல இருந்து வந்து ரெண்டு நாள் இருந்தான், அவனுக்கு ஒண்ணும் கேக்கலைங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான். மாத்திர குடுத்திருக்காங்க. அதப் போட்டா நல்லாத் தூக்கம் வருதுங்க, தூக்கத்துலயும் கேக்குது."

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஒரு முஸ்லிம் பெரியவர், தெருவில் எல்லோருக்கும் அவர் பாய். பழைய கோயமுத்தூரில் தாத்தா காலத்திலிருந்து குழாய்க்கடை வைத்திருக்கும் குடும்பம். இந்தத் தெருவுக்கு முதலில் வீடு கட்டி வந்தவர் அவர்தான். அவரிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தம்மா தனியா இருக்காங்க, மேடம். வீட்டுக்காரர் போனதுலேர்ந்தே இப்படித்தான். கேக்குறதுக்கு ஆள் வேணும்னு பேசுறாங்க. நீங்களும் சேர்ந்து பயமுறுத்திடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா சமையலறை விளக்கைப் போட்டு, தரையைக் காட்டினார். வெள்ளை ஓடு பதித்த தரை. அதன் குறுக்கே, மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைக்கு ஒரு பாதைபோல ஈரம் படிந்திருந்தது. நனைந்த துணியை யாரோ இழுத்துக்கொண்டு போனதுபோல. அக்கா அதைத் துணியால் அழுத்தித் துடைத்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அதே அகலத்தில், அதே வளைவோடு மறுபடி வேர்த்தது.

தெருப்பூனை ஒன்று பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. ஈரத்தின் ஓரம்வரை வந்து நின்று, அடுப்பைச் சுற்றி, சுவரை ஒட்டி நடந்து மறுபக்கம் போனது.

"எப்பவும் அப்படித்தான் போகுமுங்க" என்றார் அக்கா.

தரையில் மண்டியிட்டுக் காதை வைத்தேன். முதலில் என் ரத்தத்தின் ஓட்டம்தான் கேட்டது. பிறகு வெகு கீழே, கோரைப்பாய் ஒன்று தரையில் உரசி விரிகிற சத்தம். சர்ர்ர் என்று நீளமாகப் போய் நின்றது. ஒரு இடைவெளி. பிறகு அதே சத்தம் திரும்பி வந்தது. நிமிர்ந்தபோது அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காப்பி வெக்கறேன்" என்றார்.

அது தண்ணீர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. மேட்டில் இருக்கும் மேல்தெருவின் மழைநீர் வடிகால், தெருவோரமாகப் போய்க் குளத்தில் விழுவதாகத்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த வடிகால் மேல்தெரு முனையில் ஒரு கம்பித் தட்டிக்குள் இறங்கும். குளக்கரையில் ஒரு குழாய் வாயில் வெளியே வரும். நடுவில் மூடிக் கிடக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சாயப்பொடி உண்டு. கசிவு கண்டுபிடிக்கப் பயன்படுத்துவது, ஆளுக்கும் மீனுக்கும் கெடுதல் செய்யாது. கையில் எடுத்தால் செங்கல் நிறம். தண்ணீரில் போட்டால் கண்ணைப் பறிக்கிற பச்சை. அடுத்த ஞாயிறு காலை அதைக் கொண்டுவந்தேன். ஐப்பசி மாதம், குளம் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாயைக் குளக்கரைக் குழாய் வாயருகே நிற்கச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார். என் கணவர் நடுத்தெருவில் நின்றார். நான் மேல்தெருக் கம்பித் தட்டியில் பொடியைக் கரைத்து ஊற்றினேன். பச்சை சுழன்று உள்ளே போனது.

பத்து நிமிடத்தில் குளத்துக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை. நான் கரைக்கு நடந்து போனேன். குழாய் வாயில் எப்போதும்போலச் சாம்பல் நிறத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "பார்த்தீங்களா, நிறம் கரைஞ்சு போயிருக்கும்" என்றார் பாய். அப்போது என் கைபேசி அடித்தது. அக்கா.

"அம்மணி, சித்த ஓடியாங்க."

"என்னாச்சுங்க்கா?"

"அடுப்படியில கோலம் போடுதுங்க."

நாங்கள் மூவரும் ஓடினோம். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே கால் வைக்காமல். வெள்ளை ஓடுகளின் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் பச்சைக்கோடு எழுந்துகொண்டிருந்தது. மெல்லிய கோடு, பேனாவால் அடிகோல் வைத்து இழுத்ததுபோல. ஒரு ஓட்டுக்குச் சுற்றிலும் சதுரமாக முடித்துவிட்டு, அடுத்த ஓட்டுக்குப் போனது. யாரும் இல்லாத அறையில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேற்கிலிருந்து கிழக்குக்குக் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டே வந்தது. வெளிச்சம் பட்ட இடத்தில் அந்தப் பச்சை உள்ளிருந்து எரிவதுபோல இருந்தது.

பாய் குடையை மடக்காமலேயே நின்றார். பிறகு முழங்காலிட்டு விரலால் தொட்டு முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

"கழிவுதண்ணி" என்றார். அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தங்கச்சி, நான் இத்தன நாளா…"

"அது பரவால்லீங்க பாய். எந்திரிங்க, வேட்டி பச்சையாகுது" என்றார் அக்கா.

மறுநாள் அக்கா வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும், ஒரு யோசனையில் எங்கள் வீட்டுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒரு சின்ன இருட்டறை இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஊதா விளக்கில், கண்ணுக்குத் தெரியாத அளவு சாயம்கூட ஒளிரும். அக்கா வீட்டுத் தண்ணீர் பளிச்சென்று ஒளிர்ந்தது. எதிர்பார்த்ததுதான். எங்கள் வீட்டுப் பாட்டிலை வைத்தேன். வெளியில் பார்க்க அது பளிங்குபோலத் தெளிவாக இருந்தது. விளக்குக்கு அடியில் பச்சைப் புகைபோல ஏதோ அதற்குள் நின்றது.

பாட்டிலை எடுக்கக் கையை நீட்டியபோது என் விரல்களைப் பார்த்தேன். நகங்களின் ஓரம் முழுக்க பச்சை. நேற்று பொடியைத் தொட்டபோது கையுறை போட்டிருந்தேன். இது காலையில் குளித்த தண்ணீர். புடவை நுனியைத் தூக்கி விளக்கில் காட்டினேன். அதுவும் ஒளிர்ந்தது. இருட்டறைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் என் தலைமுடியின் வகிட்டில் மெல்லிய ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த இருட்டிலேயே நின்றேன். மேல்தெருவில் எல்லோரும் கழுவிவிட்டது எங்கள் மேல் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. சாயம் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

அன்று சாயந்திரம் வீட்டில் இதைச் சொன்னேன். என் கணவர் பம்ப்செட் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர். அன்று குளித்துவிட்டு வந்து துவட்டிக்கொண்டிருந்தவர், துண்டை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகக் கொடியில் போட்டார். அன்றிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கிக் குளித்தோம்.

பாய் சும்மா இருக்கவில்லை. மாநகராட்சியில் மனுக் கொடுத்தார், அதிகாரிகளைப் பார்த்தார், வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். தரை ஈரமாக இருக்கிறது என்பதை அவசரமாக எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அக்காவை எங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொன்னேன். அடுப்பை விட்டுவிட்டு வர முடியாது என்றார்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. எனக்கு அரைநாள் வேலை. நல்ல வெயில். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நகரத்தில் நான்கு நாட்களாக மழையே இல்லை. மேற்கே மலை மட்டும் காணாமல் போயிருந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் கருநீலமாக ஒரு சுவர் நின்றது. அங்கே பெய்கிறது என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன்.

குளியலறையிலிருந்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

கதவைத் தள்ளினேன். யாரும் இல்லை. தரையில் தண்ணீர் போகும் துளையிலிருந்து மறுபடி அதே கனைப்பு. பிறகு சமையலறைத் தொட்டியிலிருந்து. பிறகு மாடிக் குளியலறையிலிருந்து. வீட்டின் எல்லாக் குழாய்களும் ஏதோ சொல்லத் தொடங்குவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கனைத்தன. துளையின் மூடி தானாகத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. கறுப்பாகத் தண்ணீர் எழுந்து, ஓசையில்லாமல் தரையில் பரவியது. வெதுவெதுப்பாக இருந்தது.

வாசலுக்கு ஓடினேன். தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் தெருவின் மேல்முனையிலிருந்து நுரை வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை கட்டி கட்டியாக அல்ல, தெரு அகலத்துக்கு ஒரே சுவராக. மேலே வானவில் நிறங்கள் மின்ன, அவசரமே இல்லாமல் வந்தது. அதற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியவில்லை. நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் ஒன்று அதற்குள் போனது, திரும்பித் தெரியவில்லை.

அக்கா வீட்டை நோக்கி முழங்கால் தண்ணீரில் போனேன். முன்கதவு திறந்தே இருந்தது. "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். சமையலறையில் பன் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடுகள் எழுந்துகொண்டிருந்தன. மேற்கு மூலையில் ஒன்று டக் என்று தூக்கி அமர்ந்தது. அதற்கு அடுத்தது டக். அடுத்தது டக். ஈரப்பாதை போன அதே வளைவில், கீழே ஒருவர் நடந்து போனால் தலை இடிக்குமே, அப்படி வரிசையாக. கிழக்குச் சுவர்வரை போய் நின்றது. பிறகு மேற்கு மூலையிலிருந்து மறுபடி தொடங்கியது.

"வாங்க்கா வெளிய" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"இருங்க அம்மணி" என்றார். குரலில் பயமே இல்லை. "இப்ப வெளிய வந்துபோடுவாங்க."

பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். நாங்கள் வாசற்படியைத் தாண்டியதும் பின்னால் பெரிய மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது சமையலறைத் தரையின் நடுப்பகுதி இல்லை. அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசிப்பதுபோல நின்று, பிறகு மெதுவாக உள்ளே இறங்கியது. அது விழுந்த சத்தம் வரவே இல்லை. ஓடுகிற தண்ணீரின் சத்தம் மட்டும் வந்தது. இவ்வளவு நாளும் பாய் விரிக்கும் சத்தமாகக் கேட்டது இப்போது வாய்திறந்து இரைந்தது.

அன்று எங்கள் தெருவில் உயிர்ச்சேதமில்லை. சாயந்திரத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. எல்லோரும் வந்து அக்கா வீட்டுக் குழியைச் சுற்றி நின்றோம். உள்ளே இரண்டு சிறிய சிமெண்ட் குழாய்கள் நொறுங்கிக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே, கறுப்புச் சேற்றுக்கு நடுவே, வெள்ளை மணல் தெரிந்தது. நல்ல மணல், அலை அலையாக வரி விழுந்தது. மலையடிவாரத்திலிருந்து குளத்துக்கு வந்துகொண்டிருந்த பள்ளம் ஒன்று, எங்கள் ஊர்ப்பக்கம் சிற்றோடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம், இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. மனை பிரித்தவர் அதற்குள் இரண்டு குழாயைப் போட்டு, மேல்தெரு வடிகாலையும் அதில் சேர்த்து, மண்ணால் மூடிவிட்டார். குழாய்கள் உடைந்து, மழைநீரும் மேல்தெருவின் கழிவும் வீடுகளின் கீழே தம்போக்கில் நுழைந்து கொண்டிருந்தன.

அக்கா பெங்களூருக்குப் போன் போட்டார். மகன் எடுத்ததும் கைபேசியைக் குழிக்கு மேலே நீட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தார்.

"கேட்டுதா கண்ணு?" என்றார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. சிரிப்பு நிற்காமல் போய் அழுகையானது.

அதற்குப் பிறகு மாநகராட்சியிலிருந்து அளப்பதற்கு ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு வந்த பொறியாளர் இளம்பெண். தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நாள் முழுக்க நடந்து அளந்துவிட்டு, எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"வடிகாலைத் தெருவோரமாச் சுத்தி எடுத்துட்டுப் போலாங்க. யார் வீட்டையும் தொட வேண்டாம். ஆனா தண்ணி இறங்கி ஓடற வாட்டம் பத்தாது. பெரிய மழைக்கு மறுபடியும் இங்கதான் வந்து நிக்கும். பழைய வழியத் தொறந்துவிட்டா நிக்காதுங்க. ஆனா அம்மா வீட்டுல பின்பக்கம் பாதி போயிரும்."

அக்காவைப் பார்க்காமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சுற்றியே எடுத்துப்போகலாம் என்று பாய்தான் கடைசியில் சொன்னார். அந்தம்மா ஏற்கெனவே பட்டது போதும் என்றார்.

"நீங்க சும்மா இருங்க பாய்" என்றார் அக்கா. "மேல கட்டி மூடினா மறுபடியும் நான்தானே படுத்துட்டுக் கேக்கோணும்? அடுப்பே போயிருச்சு. சுவத்த வெச்சுட்டு என்ன பண்றதுங்க. எடுத்துக்கங்க."

அடுத்த கோடையில் சமையலறையை இடித்தார்கள். பாதாளச் சாக்கடையில் சேர வேண்டிய வீடுகள் பல, சுலபமாக இருக்கிறதென்று கழிவறைக் குழாயை மழைநீர் வடிகாலில் சொருகியிருந்தது தோண்டும்போது தெரியவந்தது. பாய் வீட்டுக் குழாயும் அதில் ஒன்று. கொத்தனார் அவருக்குத் தெரியாமல் செய்திருந்தார். குழாய்க்கடை வைத்திருப்பவர் வீட்டிலேயே இப்படி என்று தெருவே பேசியது. அவர் எதையும் மறைக்கவில்லை. தன் வீட்டு முற்றத்தை முதலில் உடைத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார். சிலர் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

பள்ளம் மறுபடி திறந்தது. இருபுறமும் கருங்கல் அடுக்கி, குளத்தில் சேருமிடத்தில் வண்டல் தங்க ஒரு தொட்டியும், அதையொட்டிக் கோரையும் சம்புப்புல்லும் நட்ட ஒரு சதுப்பும் அமைத்தார்கள். மாதம் ஒருமுறை நான் அங்கே தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறேன். நுரை வருவது குறைந்துவிட்டது, நின்றுவிடவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தேறி வருகிறது. எண்கள் நல்லதாக வந்தாலும், அந்தத் தண்ணீரில் முகம் கழுவும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அடுத்த மழையில் தெருவில் தண்ணீர் ஏறவில்லை. கருநீலச் சுவர் மலையை மறைத்த ஒரு மத்தியானம், எல்லோரும் அக்கா வீட்டுப் பின்பக்கம் போய் நின்றோம். சமையலறை இருந்த இடத்தின் வழியே பழுப்பாகத் தண்ணீர் திரண்டு வந்து, எங்களைக் கடந்து, குளத்துக்குப் போனது. ஒரு வீட்டின் நடுவே தண்ணீர் தன்பாட்டுக்கு நடந்துபோவதைப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. அக்காவின் படுக்கையறைச் சுவர் பள்ளத்துக்கு ஓரத்தில் நிற்கிறது. அதில் அவர் ஜன்னல் வைக்கச் சொல்லவில்லை.

பள்ளம் அவர் இடத்தைவிட்டு வெளியேறும் முனையில் குப்பை குளத்துக்குப் போகாமல் தடுக்கக் கம்பித் தடுப்பு ஒன்று போட்டிருக்கிறார்கள். முதல் மழைக்கே அதில் என்னென்னவோ வந்து சிக்கின. பிளாஸ்டிக்கை எடுத்துப்போக ஆள் வருகிறார். ஆனால் பொருள் என்று சொல்லக்கூடிய எதையும் அக்கா அவரிடம் கொடுப்பதில்லை. கழுவி, பின்சுவரின் மேல் வரிசையாகக் காயவைக்கிறார். ஒற்றைச் செருப்புகள். சோறு கொண்டுபோகிற ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி. பொம்மையின் கை. பாதி கரைந்த ஒரு பிள்ளையார். கண்ணாடி போட்ட ஒரு புகைப்படம், உள்ளே தண்ணீர் புகுந்து சட்டைக் காலர்வரை அழிந்திருந்தது. அதற்கு மேலே முகம் இருந்த இடத்தில் வெள்ளைதான்.

"இதெல்லாம் வேணும்னே தண்ணியில விட்டதுங்க தங்கச்சி. செத்தவங்க சாமான்" என்றார் பாய். "வீட்டுல வெச்சுக்கக் கூடாது."

"வெச்சுக்கலீங்களே. சுவத்து மேலதானே இருக்குது" என்றார் அக்கா.

மேலே எங்கேயோ இருக்கும் ஊரிலிருந்து ஒரு பெண் ஒருநாள் அந்த வழியாக நடந்து வந்தார். எங்களுக்குத் தெரியாத முகம். சுவரருகே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். தூக்குப்போசிக்கு முன்னால் வந்ததும் நின்றார். கையில் எடுத்து, அடியில் திருப்பிப் பார்த்து, அங்கே வெட்டியிருந்த பெயரை விரலால் தடவினார். நான் தண்ணீர் எடுக்க வந்தவள், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அக்கா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்குளுதுங்களா?" என்று கேட்டார் அக்கா.

அந்தப் பெண் போசியை இருந்த இடத்திலேயே, இருந்த பக்கமே திருப்பி வைத்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே, பள்ளத்தின் ஓரமாக மேற்கே பார்த்து நடந்து போனார்.

அக்கா உள்ளே போய், துணி கொண்டுவந்து, அந்தப் போசியை மறுபடி ஒரு தடவை துடைத்து வைத்தார்.